ஆர்விலா கேட்ட ஒரே ஒரு நன்றி

சகோதரி ஆர்விலா நீல்சனுக்கு வெந்நீர் என்றாலே பிடிக்காது. ஆனால் எங்கள் வில்லோ ஃபோர்க் ஊரில் இருந்த காலத்தில் அவள் குடித்த வெந்நீரையெல்லாம் சேர்த்துவைத்திருந்தால் மாடு தண்ணீர் குடிக்கும் குட்டை ஒன்று நிரம்பியிருக்கும்.

இந்த மொன்டானா சமவெளியில் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும், உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்னால் காப்பி வந்துவிடும். எங்கள் சபையாருக்குக் காப்பியும் ஆகாது, தேநீரும் ஆகாது. வேண்டாம் என்று சொன்னாலோ பண்ணைக்காரர்களின் முகம் சுண்டிப்போகும். இதற்கு ஆர்விலா தானாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"காப்பி வேண்டாங்க. ஆனா அந்தக் கப்பு என்ன அழகா இருக்கு! அதுல வெறும் சுடுதண்ணி ஊத்திக் குடுங்க," என்பாள்.

அந்தக் கப்பில் அநேகமாக ஏதாவது மாட்டுத் தீவனக் கம்பெனியின் விளம்பரம் இருக்கும். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "ஆஹா!" என்று ஒரு சத்தம் போடுவாள். வீட்டுக்காரர் ஏதோ விருந்து வைத்துவிட்டதுபோல் நிமிர்ந்து உட்காருவார். அரைமணி நேரத்தில் அவருடைய மூட்டு வலி, மகளின் விவாகரத்து, விற்காத கோதுமை எல்லாம் வெளியே வந்துவிடும். ஆர்விலா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் புருஷனிடம் திரும்புவாள்.

"டெல்பர்ட், இன்னும் ஒரு கப்பு உள்ள போச்சுன்னா என்னை அடுப்புல வெச்சு முட்டை வேகவைக்கலாம்."

"ம்," என்பார் மூப்பர் டெல்பர்ட் நீல்சன்.

எங்கள் சபையில் ஊழியத்துக்கு வருகிற ஆண் யாராக இருந்தாலும் அவர் மூப்பர்தான். மீசை சரியாக முளைக்காதவனுக்கும் அதே பட்டம், எழுபத்துமூன்று வயது டெல்பர்ட்டுக்கும் அதே பட்டம். ஐடஹோவில் உருளைக்கிழங்குப் பண்ணையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, சட்டையில் கருப்புப் பெயர்ப்பட்டையைக் குத்திக்கொண்டு, ஒன்றரை வருஷ ஊழியத்துக்காகச் சொந்தச் செலவில் புருஷனும் பெண்டாட்டியும் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். எங்களுடையது சின்னக் கிளைச் சபை. எல்லாரும் வந்தாலும் பாதி பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும். நான் அங்கே பியானோ வாசிக்கிறவள். பியானோ சபையைப் பார்த்தபடி மூலையில் இருப்பதால், எந்த வரிசையில் யார் முகம் எப்படிப் போகிறது என்பது எனக்குத் தெரியாமல் போகாது.

அவர்களுடைய நாள் முழங்காலில்தான் தொடங்கும். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். "மண்டி போடறது லேசு. எந்திரிக்கறதுக்குத்தான் தேவதூதர்கள் வேணும்," என்பாள் ஆர்விலா. ஜெபம் அவளுடையது. கூரைக்கு நன்றி, கூரை ஒழுகாததற்கு நன்றி, நேற்று ஒழுகிய பக்கத்து வீட்டுக் கூரையைச் சரிபண்ணப் புருஷனுக்கு முதுகைக் கொடுத்ததற்கு நன்றி. கடைசியில் "ஆமென்" மட்டும் அவருடையது.

பிறகு வேலை. தனியாக இருக்கும் கிழவி வீட்டில் பம்பு ஓடாது, அவர் ஓடவைப்பார். சபைக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களின் வாசலில் இவள் இலவங்கப்பட்டை போட்ட சுருள் ரொட்டியோடு போய் நிற்பாள். வாரம் ஒருமுறை, எங்கள் ஊருக்கே ஊழியத்துக்கு வந்திருந்த இளம் மூப்பர்கள் இரண்டு பேரும் தங்கியிருக்கும் அறையைச் சோதனை போடுவதும் அவள் பொறுப்புதான். அவர்களுடைய குளிர்பெட்டியைத் திறந்து, உள்ளே விரலை நீட்டி, "இது சீஸா, இல்ல நீங்க வளர்க்கற பிராணியா? பிராணின்னா பேரு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்பாள். பையன்கள் சிரித்துக்கொண்டே துடைப்பத்தைத் தேடுவார்கள். மத்தியானம் அவர்களுக்கும் சேர்த்து இவள் வீட்டில்தான் சாப்பாடு.

டெல்பர்ட்டின் ஒரு நாள் பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். அதிலும் பாதி "ம்" ஆக இருக்கும். ஆனால் அந்த மனுஷனின் கண்கள் இருக்கின்றனவே, அவை நிறையப் பேசும். கன்றுக்குட்டி பிறந்தால் கண் கலங்கும். சின்னக் குழந்தைகள் பாட்டுப் பாடினால் கலங்கும். டிராக்டர் விளம்பரத்தைப் பார்த்துக் கலங்கியதை நானே பார்த்திருக்கிறேன். கலங்கியதும் எழுந்து ஏதாவது கதவுக் கீலுக்கு எண்ணெய் போடப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்ட ஆர்விலாவுக்கு ஒரே ஒரு ஆசை. அதை அவள் என்னிடம் சொன்னது, சபை விருந்து முடிந்து நாங்கள் இருவரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு நாளில்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உபவாச ஞாயிறு. இரண்டு வேளை பட்டினி கிடந்து சபைக்கு வருவோம். அன்றைக்குப் பிரசங்கம் கிடையாது. மனதில் தோன்றியவர் எழுந்து முன்னால் போய் சாட்சி சொல்லலாம், கடவுளுக்கும் மனுஷருக்கும் நன்றி சொல்லலாம். அழுகை வரும் என்று தெரிந்து மேடையிலேயே காகிதக் கைக்குட்டைப் பெட்டியும் வைத்திருப்போம். நாங்கள் பாத்திரம் கழுவிய அந்த ஞாயிறன்றும் வழக்கம்போல சகோதரர் மெர்ரில் ஓட்ஸ் முதல் ஆளாக எழுந்தார். வழக்கம்போலத் தன் பெண்டாட்டி ஓப்பலைப் பற்றி, "என் ஓப்பல் இல்லாட்டி நான் வெறும் உமி!" என்று விம்மினார். ஓப்பல் ஓட்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே மெல்லத் திரும்பி, கடைசி வரிசையில் இருந்த ஆர்விலாவைப் பார்த்தாள். மாதாமாதம் பார்ப்பாள். எனக்கு அது பியானோவிலிருந்து நன்றாகத் தெரியும்.

ஆர்விலா அன்று ஒரு பாத்திரத்தைத் துடைத்துத் துடைத்து அதன் பூவையே அழித்துவிட்டாள்.

"நாப்பத்தொம்பது வருஷம்," என்றாள். "ஒரு தடவைகூட எந்திரிச்சு என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. கல்யாணமான புதுசுல ஒரு நாள் எந்திரிச்சாரு. மேடைக்குப் போனாரு. 'சகோதர சகோதரிகளே'ன்னாரு. அழுகை வந்துடுச்சு. 'ஆமென்'னு சொல்லிட்டு இறங்கி வந்துட்டாரு. அவரோட அண்ணனுங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் அவரை 'சகோதர சகோதரிகளே'ன்னுதான் கூப்பிடறானுங்க. அதுக்கப்புறம் எங்க எந்திரிப்பாரு?"

"வீட்டுல சொல்லுவாரு இல்ல?"

"வீட்டுல குருவிகிட்ட பேசுவாரு." அவள் துணியைக் கீழே போட்டாள். "எனக்கு மோதிரம் வேணாம், கப்பல்ல உல்லாசப் பயணம் வேணாம். எல்லார் முன்னாலயும் ஒரே ஒரு நன்றி. இங்க இருக்கும்போதே நடந்தாத்தான் உண்டு. ஊருக்குப் போயிட்டா அந்த அண்ணனுங்க முன் வரிசையில வந்து உக்காந்துடுவானுங்க. அவ்வளவுதான், செத்தாலும் எந்திரிக்க மாட்டாரு. என் சாவுக்கும் அவர் வாயத் திறக்கப் போறதில்ல."

அவள் கண்ணில் நீர் நின்றது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அடுத்த நொடியே அவள் தலையை நிமிர்த்தி, "அழுது ஆகப்போறது ஒண்ணுமில்ல. சூழ்ச்சிதான் பண்ணணும்," என்றாள்.

சூழ்ச்சிகள் ஆரம்பமாயின. முதலில் எங்கள் கிளைத் தலைவர் கெய்லன் ஹாகனைப் பிடித்தாள். வாரம் முழுக்க டிராக்டர் பழுது பார்க்கிறவர், ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பழுது பார்ப்பார்.

"மேடையிலேருந்து அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"அப்படிக் கூப்பிடற வழக்கமில்லயே, சகோதரி. ஆவியானவர் எழுப்பணும்."

"ஆவியானவர் நாப்பத்தொம்பது வருஷமா முயற்சி பண்ணிக் களைச்சுப் போயிட்டாரு. நீங்க ஒரு கை குடுங்க."

கெய்லன் சிரித்துக்கொண்டே நழுவிவிட்டார். அடுத்த உபவாச ஞாயிறு அவள் டெல்பர்ட்டை நடைபாதை ஓரத்தில் உட்காரவைத்து முழங்கையால் இடித்தாள். அவர் ஒரு கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். அதற்கடுத்த மாதம் அவளே மேடையேறிப் புருஷனை வானளாவப் புகழ்ந்தாள். பதிலுக்கு அவரும் எழுந்தாக வேண்டும் என்பது கணக்கு. அவர் எழுந்தார்தான். எழுந்து, குனிந்தபடி பக்கக் கதவைத் திறந்துகொண்டு பாய்லர் அறைக்குப் போய்விட்டார்.

அந்தப் பாய்லர் அறைதான் அவளுடைய பெரிய சந்தேகம். எங்கள் சபைக் கூடத்தைக் குளிரில் சூடாக்கும் பழைய பாய்லரைப் பராமரிப்பது டெல்பர்ட்டின் வேலை. அதன்பிறகு உபவாச ஞாயிறு என்றால் அதிகமாகவே பராமரித்தார். சாட்சி நேரம் தொடங்கியதும் போவார், முடியும்போது வருவார்.

"குளிர்காலம்னா சரி. ஜூலை மாசத்துல பாய்லருக்கு என்ன வைத்தியம்?" என்று என் காதைக் கடித்தாள். "இந்த மனுஷன் உபவாசத்துல ஒளிஞ்சு தின்னறாரு. எழுதி வெச்சுக்க."

ஒருநாள் அவர் திரும்பி வந்ததும், எல்லாரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருக்கும்போது, அவள் அவருடைய வாயை மோந்து பார்த்தாள். ஜெபத்தில் கண்ணைத் திறந்து பார்த்த பாவம் என்னுடையது. மூக்கு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

ஆகஸ்டில் அவள் பொறுமை தீர்ந்தது. டெல்பர்ட் சபைக் கூரைமேல் ஏறி மழைநீர்க் குழாயில் அடைத்திருந்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார். நான் உள்ளே பாட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். சன்னல் வழியாகப் பார்த்தால், ஆர்விலா ஏணியை நகர்த்திப் புல்தரையில் படுக்கவைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆர்வி, ஏணி," என்றார் மேலிருந்து.

"ஏணிக்கு ஓய்வு. நீங்க எந்திரிச்சு சாட்சி சொல்றதா வாக்குக் குடுங்க."

"வெயிலு."

"இயேசுகூட பாலைவனத்துல இருந்தாரு."

அவர் கூரை விளிம்பில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டார். பிறகு கூரையிலிருந்து, அந்த மனுஷன் அந்த மாதத்திலேயே பேசிய மிக நீளமான வாக்கியம் இறங்கி வந்தது.

"நாம ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னால வர்ற கடைசி உபவாச ஞாயிறு. அன்னைக்கு எந்திரிக்கறேன்."

"சத்தியமா?"

"ம்."

ஏணி நிமிர்ந்தது. ஆர்விலா நேராக என்னிடம் ஓடி வந்தாள். அவர்கள் கிளம்புவது அக்டோபர் மாதம், முதல் ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை. "அக்டோபர் முதல் ஞாயிறு! பியானோவுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு வை. அவர் முகம் எனக்கு நேரா தெரியணும்," என்றாள்.

நானும் தலையாட்டினேன். பிறந்ததிலிருந்து இந்தச் சபையின் வழக்கங்களோடு வளர்ந்தவள் நான், ஐடஹோவில் அவளும் அப்படித்தான். ஆசை எங்கள் இருவரின் புத்தியையும் மறைத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் உபவாச ஞாயிறு வந்தது. ஆர்விலா நிம்மதியாக இருந்தாள். இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே! மெர்ரில் ஓட்ஸ் வழக்கம்போல உமியாகிவிட்டு இறங்கினார். அடுத்து யாரும் எழவில்லை. அப்போது டெல்பர்ட் பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு கால் நடைபாதையில் இருந்தது.

ஆர்விலாவின் கை மின்னல்போலப் பாய்ந்து அவருடைய கோட்டின் வாலைப் பிடித்தது.

"உக்காருங்க! இன்னைக்கு ஒரு பாய்லரும் வேணாம்!" என்று அவள் கிசுகிசுத்தது எனக்கே கேட்டது.

டெல்பர்ட் அவளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

நாட்கள் ஓடின. செப்டம்பர் கடைசி ஞாயிறு கெய்லன் ஹாகன் மேடையில் நின்று அறிவிப்புகளைச் சொன்னார்.

"அடுத்த ஞாயிறு சபையோட பொது மாநாடு. வழக்கம்போல இங்கயே திரையில பாக்கலாம். சுருள் ரொட்டி சகோதரி நீல்சனோட பொறுப்பு. மாநாடு வர்றதால அக்டோபர் உபவாச ஞாயிறு அதுக்கடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகுது."

என் விரல் தவறிப்போய் பியானோவில் ஒரு சுரம் கணீரென்று ஒலித்தது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் ஞாயிறு, உலகமெங்கும் உள்ள எங்கள் சபைகளுக்குத் தலைமையிடத்திலிருந்து ஒளிபரப்பாகும் மாநாடு, உபவாசமும் சாட்சியும் வேறு ஞாயிறுக்குப் போகும். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த சங்கதி! அந்த வேறு ஞாயிறு வரும்போது நீல்சன் தம்பதி ஐடஹோவில் இருப்பார்கள், அந்த அண்ணன்மார்களுக்குப் பின்னால்.

ஆர்விலாவின் முகத்தை நான் இதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. கூட்டம் முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் அவள் புருஷன்மேல் பாய்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்! தெரிஞ்சுதான் கடைசி உபவாச ஞாயிறுன்னு சொன்னீங்க! என்னை ஏமாத்திட்டீங்க!"

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார்.

"தெரியும், ஆர்வி. கடைசி உபவாச ஞாயிறு செப்டம்பர்ல போச்சு. நான் எந்திரிச்சேன்."

"எப்போ?"

"நீதான் கோட்டைப் புடிச்சு இழுத்த. உனக்கே வேணாம்னு தோணிடுச்சு போலன்னு உக்காந்துட்டேன்."

ஐயோ, அந்த நிமிஷம்! வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த வார்த்தையைத் தன் கையாலேயே இழுத்து உட்காரவைத்தவள் எப்படி நிற்பாள்? வண்டிக் கதவில் சாய்ந்து, குழந்தைபோல அழுதாள். டெல்பர்ட் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். கதவுக் கீலுக்கு எண்ணெய் போட அங்கே வேறு கதவும் இல்லை. வண்டிக் கதவில் அவள் சாய்ந்திருந்தாள்.

"இப்பவே இங்கயே சொல்லட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாருக்கு? வண்டிச் சக்கரத்துக்கா?" என்று மூக்கைச் சிந்தினாள். "விடுங்க. வீட்டுக்குப் போலாம். பசிக்குது."

அந்த வாரம் முழுக்க அவள் மூட்டை கட்டினாள், விடைபெறப் போனாள், போன இடத்திலெல்லாம் வெந்நீர் குடித்தாள். "ஆஹா" மட்டும் வரவில்லை.

மாநாட்டு ஞாயிறு வந்தது. பண்ணைகளில் இணையம் ஒழுங்காக வராது, அதனால் எல்லாரும் சபைக் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். பட்டினி நாள் இல்லை என்பதால் கூடம் முழுக்க இலவங்கப்பட்டை வாசம். மேடைக்கு மேல் திரை. அதற்கான இணையப் பெட்டி எங்கே இருக்கிறது என்கிறீர்கள்? ஊரிலிருந்து வரும் கம்பி சுவரைத் துளைத்துக்கொண்டு முதலில் நுழைவது பாய்லர் அறையில். பெட்டியும் அங்கேதான்.

மத்தியானக் கூட்டத்தின் நடுவில் ஒரு பாட்டு உண்டு. திரையில் பாடகர் குழு பாடும், வீட்டிலும் கூடத்திலும் இருப்பவர்கள் எழுந்து நின்று கூடவே பாடுவார்கள். நாங்களும் எழுந்தோம். முதல் அடியைப் பாடி முடிக்கவில்லை, திரை கருப்பாகிவிட்டது.

பாட்டு அந்தரத்தில் தொங்கியது. கெய்லன் ஹாகன் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் ஓடிப்போய்ப் பியானோவில் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டேன்.

"மூப்பர் நீல்சன், கொஞ்சம் போய்ப் பாருங்க," என்றார் கெய்லன்.

மூப்பர் நீல்சன் இடத்தில் இல்லை. ஆர்விலாவின் புருவம் ஏறியது. விடுவிடென்று பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே நடந்ததை அவள் பிற்பாடு எனக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். டெல்பர்ட் பாய்லருக்கு முன்னால் நின்றிருந்தார். கோட்டின் பொத்தானெல்லாம் போட்டிருந்தார். கையில் இணையப் பெட்டியின் கம்பி தொங்கியது.

"கழண்டு போச்சா?"

"இல்ல. கழட்டினேன்."

"டெல்பர்ட் நீல்சன்! பொது மாநாட்டையா?"

"பிரசங்கம் எதையும் நிறுத்தல. பாட்டைத்தான் நிறுத்தினேன். பாட்டு முடியறதுக்குள்ள வந்துடுவேன்." கம்பியை அவள் கையில் வைத்து விரல்களை மூடினார். "நான் ஆமென்னு சொன்னதும் செருகு. இந்தத் தடவை கோட்டை மட்டும் புடிக்காத."

பக்கக் கதவு திறந்தது. டெல்பர்ட் நடந்து வந்தார். மேடையில் ஏறினார். என்னைப் பார்த்து, "சகோதரி, கொஞ்சம் நிறுத்துங்க," என்றார். நிறுத்தினேன். கெய்லன் ஹாகன் கூரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றுமே இல்லை. அவருக்கு முன்பே தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"சகோதர சகோதரிகளே," என்றார் டெல்பர்ட்.

கண் கலங்கியது. உதடு துடித்தது. ஐயோ, இதோ ஆமென் வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் டெல்பர்ட் நீல்சன். ஐடஹோ."

யாரோ சிரித்தார்கள். அது அவருக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும்.

"கம்பி தானா கழண்டுக்கல. அதுக்கு மன்னிப்பை அப்புறமா கேக்கறேன். இதைப் பாய்லர்கிட்ட பலதடவை சொல்லிப் பாத்திருக்கேன். அங்க நல்லா வந்துச்சு." மூச்சு விட்டார். "எங்களுக்குக் கல்யாணமான முதல் குளிர்காலத்துல, கிடங்குல போட்ட கிழங்கு மொத்தமும் அழுகிப் போச்சு. வீட்டுக்கு வந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அழுகின கிழங்கு நாத்தம் உங்களுக்குத் தெரியும். ஆர்வி என் பூட்ஸைப் பாத்தா. ஒண்ணும் கேக்கல. சாப்பாட்டுக்கு உக்காந்தோம். அவதான் ஜெபம் பண்ணினா. 'ஆண்டவரே, இந்த ரொட்டிக்கு நன்றி. கூடவே எனக்கு மூக்கடைப்பும் குடுத்தீங்கன்னா இன்னும் நன்றி'ன்னா."

கூடம் வெடித்துச் சிரித்தது. பக்கக் கதவருகே ஆர்விலா கம்பியைப் பிடித்தபடி வந்து நின்றிருந்தாள். கம்பி அவளுக்குப் பின்னால் நடையில் நீண்டு கிடந்தது.

"நான் சிரிச்சேன். அன்னைக்கு நான் சிரிக்காம இருந்திருந்தா மறுநாளே பண்ணைய வித்திருப்பேன். அதை நான் அவகிட்ட சொன்னதேயில்ல." கைக்குட்டைப் பெட்டியிலிருந்து ஒன்றை இழுத்தார். மூன்று வந்தன. "அவளுக்கு வெந்நீர் புடிக்காது. இங்க இருக்கற எல்லார் வீட்டுலயும் குடிச்சா. குடிச்சிட்டு 'ஆஹா'ன்னா. எங்கிட்டயும் அப்படித்தான். நாப்பத்தொம்பது வருஷமா அவளுக்குப் புடிக்காதது எத்தனையோ கப்பு நான் குடுத்திருக்கேன். எல்லாத்தையும் குடிச்சா. எல்லாத்துக்கும் 'ஆஹா'ன்னா. நான்தான் ஒரு தடவையும்…"

டெல்பர்ட் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பக்கக் கதவைப் பார்த்தார்.

"நன்றி, ஆர்வி."

பிறகு கிறிஸ்துவின் நாமத்தில் ஆமென் சொல்லி முடித்தார். நாங்களும் ஆமென் சொன்னோம். மெர்ரில் ஓட்ஸ் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். ஓப்பல் அவர் தொடையில் குத்தி, "போங்க, அந்தப் பாய்லர் ரூம் எங்க இருக்குன்னு கேட்டுக்கிட்டு வாங்க," என்றாள்.

திரை மட்டும் கருப்பாகவே இருந்தது.

"சகோதரி நீல்சன்," என்றார் கெய்லன் மெதுவாக, "இணைப்பு சரியாயிடுச்சா?"

ஆர்விலா கம்பியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். "இன்னும் இல்லீங்க," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்." அப்படியே டெல்பர்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் படியிறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவள் போய்க் கம்பியைச் செருகியபோது, திரையில் யாரோ ஒருவர் தன் பேச்சின் நடுவில் கையை உயர்த்தியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி கிளம்பியது. வெந்நீர் கொடுத்த பண்ணைக்காரர் ஒருவர் வந்து, அந்தத் தீவனக் கம்பெனிக் கப்பையே அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "என்னடி, மாநிலத்தைத் தாண்டற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசல. அவரு பயந்துட்டாரு. வண்டிய ஓரங்கட்டி நெத்தியத் தொட்டுப் பாத்தாரு. 'ஆர்வி, ஏதாவது சொல்லு'ன்னாரு."

"என்ன சொன்ன?"

"'ஜூலை மாசம் பாய்லர் ரூம்ல என்ன தின்னீங்க?'ன்னு கேட்டேன். வண்டிய மறுபடி ரோட்டுல ஏத்திட்டுத்தான், 'ரெண்டு பிஸ்கட்'னாரு." அவள் சிரித்த சிரிப்பில் என் காது அடைத்துக்கொண்டது. "நான் மோந்தப்போ எப்படித் தப்பிச்சுதுன்னு தெரியல."

ஐடஹோவில், தள்ளிப்போன அந்த உபவாச ஞாயிறு முடிந்ததும் மறுபடி கூப்பிட்டாள். இரண்டு அண்ணன்மாரும் முன் வரிசையில் இருந்தார்களாம். வாசலிலேயே, "வாங்க, சகோதர சகோதரிகளே!" என்று வரவேற்றார்களாம்.

"எந்திரிச்சாரா?" என்றேன்.

"இல்ல. நானும் இடிக்கல. எனக்குத் தோணவேயில்ல," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா வீட்டுக்கு வந்து அவர் கோட்டை மாட்டறப்போ பாத்தேன். எங்க ஐடஹோ சபையோட பாய்லர் ரூம் சாவி, அவர் பாக்கெட்டுல இருக்கு."